வெட்டுகிறவர் எல்லாரும் தோட்டக்காரர் அல்லர்



மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு அடுக்களை பன்னீர் திராட்சையின் மணத்தால் நிறைந்திருக்கும். மறுநாள் திருவிருந்துக்கான சாறு அப்போதுதான் ஆயத்தமாகும். பழங்களைக் காம்பு நீக்கிப் பலமுறை கழுவி, சிறிது நீருடன் கொதிக்க வைப்பது என் துணைவியாரின் பணி. ஆறியபின் மெல்லிய துணியில் வடிகட்டி, தோலையும் விதையையும் பிழிந்தெடுப்பது என் பணி. கைகளில் ஏறிய நிறம் திங்கட்கிழமை வரை போகாது. புளிக்காத திராட்சைச் சாற்றைத் திருவிருந்துக்குப் பயன்படுத்தும் இவ்வழக்கம், 1869ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் சபையார் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காக்கும் முறையைக் கண்டபின் பல சபைகளில் பரவியது. நம் வீட்டுப் பாத்திரத்தில் நடப்பதும் அதே வேலைதான்.

பென்னலூரில் திராட்சை விளைவதில்லை. ஏரி உண்டு, ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம் உண்டு, நெடுஞ்சாலை உண்டு, 1990களுக்குப் பின் எழுந்த தொழிற்சாலை மதில்கள் உண்டு. நம் மேசைக்கு வரும் பன்னீர் திராட்சை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இரவு முழுதும் லாரியில் பயணித்து வருகிறது. நம் சபையின் இளைஞர் பலரும் அதே சாலையில் அப்படியே வந்தவர்கள்தாம்.

இந்தக் கொடியின் வரலாற்றை இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். அதற்கு முன் நான் செய்த ஒரு தவற்றை அறிக்கையிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் கம்பம் பகுதியிலிருந்து வந்த ஓர் இளைஞர் நம் ஆராதனைக்கு வந்துகொண்டிருந்தார். ஐ.டி.ஐ. முடித்தவர், இவ்வட்டாரத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. வேறு நால்வருடன் ஓர் அறையில் தங்கியிருந்தார். ஒருநாள் இரவுப்பணி முடிந்து வெளியே வரும்போது, நாளை முதல் வரவேண்டாம் என்று அவருக்கும் இன்னும் பலருக்கும் சொல்லிவிட்டார்கள். அன்று மாலை அவர் என்னைத் தேடி வந்தார். நான் யோவான் சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரத்தைத் திறந்துவைத்து, "தம்பி, காய்க்கிற கொடியைத்தான் ஆண்டவர் கத்தரிப்பார். உன்னை அதிகமாய்ப் பயன்படுத்தப் போகிறார், அதற்காகத்தான் இது" என்றேன். அவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து செருப்பை மாட்டும்போது மட்டும் கேட்டார்: "ஐயா, நீங்க கவாத்து பண்றதப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. இறையியல் கல்லூரியில் அந்த அதிகாரத்தைக் கிரேக்க மூலத்தில் வாசித்திருந்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் அதிலிருந்து பிரசங்கித்திருந்தேன். ஒரு திராட்சைக் கொடியின் கீழ் நின்றதில்லை. அடுத்து வந்த டிசம்பரில் அவருடைய தந்தையின் ஒரு ஏக்கர்ப் பந்தலின்கீழ் போய் நின்றேன். அங்கே கண்டதையும், அதன்பின் படித்தறிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரலாறு.

திராட்சை மேற்காசியாவிலும் காக்கேசிய மலைப்பகுதியிலும் மனிதனோடு வாழத் தொடங்கிய கொடி. இன்றைய ஜார்ஜியா நாட்டில் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மட்கலங்களில் திராட்சரசத்தின் தடயங்கள் கண்டறியப்பட்டுள்ளன. வெள்ளம் வடிந்தபின் நோவா திராட்சத்தோட்டம் நாட்டியதாக ஆதியாகமம் 9ஆம் அதிகாரம் கூறுவதும், பேழை தங்கியதாகக் கூறப்படும் அரராத்து மலைநாடு அதே வட்டாரத்தை ஒட்டியிருப்பதும் வேதம் வாசிப்போர் கவனிக்கத்தக்கவை.

நம் தமிழ்நிலத்துக்குக் கொடி வருவதற்கு மிக முன்னரே அதன் ரசம் வந்துவிட்டது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் புறநானூறு குறிப்பிடுகிறது. 1945இல் மார்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அகழாய்வு செய்தபோது, மத்தியதரைக்கடல் நாடுகளின் இருபிடி மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. ஆக, ஆண்டவராகிய இயேசு உலகில் நடமாடிய நூற்றாண்டிலேயே மேற்கின் திராட்சரசம் நம் கடற்கரையில் இறங்கிக்கொண்டிருந்தது. ரசத்தைச் சாடியில் அடைத்துக் கப்பலேற்றலாம். கொடியை அப்படி அனுப்ப முடியாது. அதற்கு நிலம் வேண்டும், நீர் வேண்டும், பல ஆண்டுகள் அருகிலேயே இருக்கிற ஒரு மனிதர் வேண்டும்.

இந்தியாவின் தக்காணத்தில் 14ஆம் நூற்றாண்டில் திராட்சை இருந்தது. முகமது பின் துக்ளக் காலத்தில் தௌலதாபாத்தைக் கண்ட மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா, அங்கே திராட்சையும் மாதுளையும் ஆண்டுக்கு இருமுறை காய்ப்பதாக எழுதிவைத்தார். 'இருமுறை' என்ற அச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்நாட்டில் ஒருமுறை மட்டும் காய்க்கும் கொடி வெப்பநாட்டில் ஏன் இருமுறை காய்க்க வேண்டும்? அதற்கான விடையில்தான் என் தவறும் அடங்கியிருக்கிறது.

கம்பம் பன்னீர் திராட்சை 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அப்போது எங்கும் சொல்லப்பட்ட வரலாறு இது: 1832ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் இக்கொடியைத் தமிழ்நாட்டில் அறிமுகப்படுத்தினார், இன்று கம்பம் பள்ளத்தாக்கின் பத்துக் கிராமங்களில் சுமார் 2,000 ஏக்கரில் அது விளைகிறது. அந்தக் குருவின் பெயர் சொல்லப்படுவதில்லை.

இங்கே ஒரு சிக்கலை உங்களிடம் மறைக்கலாகாது. பன்னீர் திராட்சை என்று நாம் அழைப்பதைத் தாவரவியலார் 'மஸ்கட் ஹாம்பர்க்' என்பர். அந்த வகை இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் ஸ்னோ என்ற தோட்டக்காரரின் கண்ணாடி வீட்டில், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவானது. 'கறுப்பு ஹாம்பர்க்', 'அலெக்சாந்திரியா மஸ்கட்' என்ற இரு பழைய வகைகளின் கலப்பு அது. லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் அரண்மனைத் தோட்டத்தில் 1768இல் நடப்பட்டு இன்றும் காய்க்கும் புகழ்பெற்ற பெருங்கொடியும் 'கறுப்பு ஹாம்பர்க்' வகையே. 1832இல் இன்னும் பிறவாத ஒரு வகையை அவ்வாண்டில் ஒருவர் கொண்டுவந்திருக்க முடியாது. ஆகவே அந்தக் குருவானவர் நட்டது அதற்கு முந்திய ஏதோ ஒரு கொடியாக இருக்கவேண்டும். நாம் இன்று உண்ணும் வகை அதன்பின் வந்து சேர்ந்திருக்க வேண்டும். மக்களின் நினைவு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. முதலில் நட்டவரை மறவாமல் வைத்திருக்கிறது. பின்னர் வந்து வேரூன்றச் செய்த பலரை மறந்துவிட்டது. திருச்சபைகளின் வரலாற்றிலும் இவ்வாறே நடப்பதை நாம் அறிவோம்.

நட்டால் மட்டும் போதாது. மேற்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றின் நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அணை, பொறியாளர் பென்னிகுவிக் முயற்சியால் 1895இல் நிறைவேறியது. கம்பம் பள்ளத்தாக்கு இன்றைய கம்பம் பள்ளத்தாக்கானது அந்த நீரால். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி என்று நீளும் ஊர்களில் கல்தூண்களின்மேல் கம்பி இழுத்துப் பின்னிய பந்தல்கள் நிற்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் ஆனைமலையன்பட்டியில் இருக்கிறது.

இனி கொடியின் இயல்பைச் சற்றுப் பார்ப்போம். அன்பானவர்களே, இப்பகுதியைப் பொறுமையோடு வாசியுங்கள். வேதவசனத்தை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது இதுதான்.

ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் திராட்சைக் கொடி இலையுதிர்த்து உறங்கும். கோடையெல்லாம் இலைகள் சமைத்த உணவு மாவாகத் தண்டிலும் வேரிலும் சேர்ந்திருக்கும். வசந்தத்தில் அந்தச் சேமிப்பைக் கொண்டே மொட்டுகள் விழித்துத் துளிர்க்கும். கம்பத்தில் குளிர்காலம் இல்லை. ஆகவே கொடிக்கு உறங்கத் தெரியாது. விட்டுவிட்டால் நுனிமொட்டு வளர்ந்துகொண்டே போகும்; கீழ்மொட்டுகளை அது எழவிடாது. பந்தல் முழுதும் பச்சை இலை மூடியிருக்கும். குலை அரிதாகவே இருக்கும். இந்த இடத்தில்தான் விவசாயியின் கத்தரி வருகிறது. கவாத்து என்பது குளிர்காலமில்லாத நாட்டில் கொடிக்கு மனிதன் கொடுக்கும் குளிர்காலம். டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்தால் ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை. மே, ஜூனில் செய்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் அறுவடை. இபன் பதூதா வியந்த இருமுறைக் காய்ப்பின் மறைபொருள் இதுதான். கம்பத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் நாளை மாற்றிக் கவாத்து செய்வதால், ஏதேனும் ஒரு பந்தலில் எந்த மாதமும் பழம் இருக்கும்.

அந்த டிசம்பரில் முதிர்ந்த கிளை ஒவ்வொன்றையும் நான்கு மொட்டு விட்டு வெட்டிக்கொண்டே போனார் அந்தத் தந்தையார். மஸ்கட் வகைக்கு நான்கு மொட்டு என்பதே வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும். வெட்டிய முனைகளில் நீர் துளித்துச் சொட்டியது. வேரின் அழுத்தம் நீரை மேலே தள்ளுகிறது. இலை இல்லாததால் அது காயத்தின் வழியே வெளியேறுகிறது. "இவ்வளவையும் வெட்டினால் கொடி தாங்குமா?" என்று கேட்டேன். அவர் என்னை 'ஃபாதர்' என்றே அழைத்தார், நானும் திருத்தவில்லை.

"வெட்டுறது பெரிசில்ல ஃபாதர். வெட்டுறதுக்கு முன்னாடி கொடியில பலம் இருக்கான்னு பாக்கணும். எருப் போட்டு, தண்ணி விட்டு, கிளை பென்சில் கனத்துக்குப் பழுத்திருக்கணும். பலமில்லாத கொடிய வெட்டினா வெறும் குச்சிதான் மிஞ்சும்."

அறிவியலும் இதையே கூறுகிறது. கவாத்துக்குப்பின் சில வாரங்கள் கொடிக்கு இலையே இல்லை. உணவு சமைக்க வழியில்லை. புதிய துளிர் தன்னைத் தானே தாங்கும் அளவுக்கு இலைகள் விரியும்வரை, முன்னே சேர்த்துவைத்த மாவே அதற்குச் சோறு. சேமிப்பு இல்லாத கொடியில் கத்தரி வைத்தால் குருட்டு மொட்டுகளும் மெலிந்த துளிர்களுமே கிடைக்கும்.

இன்னும் வியப்பானது ஒன்று உண்டு. கவாத்துக்குப்பின் வெளிப்படும் குலை கவாத்தினால் உருவானதன்று. அது பல வாரங்களுக்கு முன்பே, முந்தைய பருவத்துக் கிளையின் மொட்டுக்குள், கண்ணுக்குத் தெரியாத சிறு முளையாக உருவாகிவிட்டது. மொட்டைப் பிளந்து உருப்பெருக்கியில் பார்த்தால் வரப்போகும் குலையின் வடிவத்தை அப்போதே காணலாம். அது எப்போது உருவாகிறது? அம்மொட்டின்மேல் வெயில் பட்டு, கிளைக்குப் போதிய உணவும் கிடைத்த நாள்களில். அடர்ந்த நிழலில் இருந்த மொட்டில் குலை உருவாவது குறைவு. கத்தரி செய்வதெல்லாம் உள்ளே இருப்பதற்கு வழி திறப்பதே. உள்ளே ஒன்றுமில்லாத இடத்தில் அது எதையும் உண்டாக்காது.

மொட்டுக்குள் உருவாகும் அந்த முளையைப்பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. தொடக்கத்தில் அது குலையுமன்று, வேறொன்றுமன்று. வெளிச்சமும் வெப்பமும் உணவும் வாய்த்தால் குலையாகும், வாய்க்காவிட்டால் பற்றுக்கம்பியாகும். கம்பியைச் சுருண்டு பிடித்துக்கொள்கிற அந்த மெல்லிய கையும், பழம் தாங்குகிற குலையும் பிறப்பில் ஒன்றே. பாதி கம்பியும் பாதி குலையுமாய், நுனியில் இரண்டொரு பழத்தோடு தொங்குகிறவற்றையும் தோட்டங்களில் காணலாம். எதையாவது பிடித்துக்கொண்டு விழாமலிருப்பதே பாடாக இருக்கும்போது கொடி பற்றுகிறது. நிறைவாக இருக்கும்போது கொடுக்கிறது. பந்தலில் ஏறிய கொடிக்குப் பற்றுக்கம்பி தேவைப்படாது. விவசாயி கிளையைக் கம்பியோடு தாமே கட்டிவிட்டு, பற்றுக்கம்பிகளைக் கிள்ளியெடுத்துவிடுகிறார். தாங்குவது தம் பொறுப்பு என்று அவர் ஏற்றுக்கொண்டபின்பே கிள்ளுகிறார் என்பதைக் கவனியுங்கள்.

இவற்றையெல்லாம் அறிந்தபின் யோவான் 15ஆம் அதிகாரத்தை மீண்டும் வாசித்தேன். இரண்டாம் வசனத்தில் மூலமொழி அடுத்தடுத்து இரு வினைகளைப் பயன்படுத்துகிறது. கனியற்ற கொடிக்கு 'அய்ரே'. கனியுள்ள கொடிக்கு 'கதாய்ரே'. ஓசையில் ஒன்றையொன்று ஒத்த சொற்கள். முதலாவது சொல்லுக்கு அகற்றுதல் என்றும், தூக்கியெடுத்தல் என்றும் பொருளுண்டு. இவ்விடத்தில் எது பொருந்தும் என்று விளக்கவுரையாளர்கள் வாதிடுகிறார்கள். இரண்டாவது சொல்லுக்கு அடிப்படைப் பொருள் தூய்மையாக்குதல். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் அங்கே கத்தரித்தல் என்று சொல்லாமல், சுத்தம் செய்தல் என்ற பொருளிலேயே சொல்லை அமைத்தது. அடுத்த வசனத்தில் ஆண்டவர், தம் உபதேசத்தினாலே சீஷர்கள் ஏற்கெனவே சுத்தமாயிருக்கிறார்கள் என்கிறார். அங்கே கத்தரி ஆண்டவரின் வார்த்தை. வேலையிழப்போ நோயோ மரணமோ அங்கே கத்தரியாகக் குறிக்கப்படவில்லை. நான் அந்த இளைஞரிடம் சொன்னது அந்த வசனத்தில் இல்லாத ஒன்று.

அந்த வசனம் இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கிறது. தோட்டக்காரர் பிதா. கவாத்து செய்யும் உரிமை அவருடையது. நானோ, ஒரு நிர்வாகம் செலவைக் குறைக்க எடுத்த முடிவைப் பிதாவின் கைவேலை என்று அறிவித்துவிட்டேன். வெட்டுகிறவர் எல்லாரும் தோட்டக்காரர் அல்லர். 80ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். எகிப்திலிருந்து கொண்டுவந்து நடப்பட்ட திராட்சைக் கொடியைப் பற்றியது அது. வேலி தகர்ந்தபின் வழிப்போக்கர் எல்லாரும் அதைப் பறிக்கிறார்கள். காட்டுப்பன்றி அதை உழுதுபோடுகிறது. சங்கீதக்காரர் அந்தப் பன்றியைத் தோட்டக்காரர் என்று அழைக்கவில்லை. வேலி தகர்ந்ததன் காரணத்தைத் தேவனிடமே துணிந்து கேட்கிறார். ஆனால் கொடியிடம், "இது உன் நன்மைக்கே" என்று சொல்லவில்லை. திரும்பிவந்து இந்தக் கொடியை விசாரியும் என்று தேவனிடம் மன்றாடுகிறார். அன்று அந்த இளைஞரோடு நான் செய்திருக்க வேண்டிய ஜெபம் அதுவே.

தேவன் இழப்பிலிருந்து நன்மையைப் பிறப்பிக்க வல்லவர் என்பதை நான் விசுவாசிக்கிறேன். யோசேப்பின் வரலாறு அதற்குச் சாட்சி. ஆனால் அதைச் சொன்னவர் யோசேப்பு. குழியில் தள்ளப்பட்டவரே பல ஆண்டுகளுக்குப்பின் சொன்னார். குழிக்கு வெளியே நின்றவர் யாரும் அன்றைக்கே குனிந்து அவருக்கு அதை உபதேசிக்கவில்லை.

ஊர் திரும்பியதும் அந்த இளைஞரைச் சந்தித்து, "தம்பி, அன்று நான் சொன்னது தவறு. தெரியாமல் பேசிவிட்டேன். மன்னித்துவிடு" என்றேன். அவர் சங்கடத்தோடு சிரித்தார். "பரவாயில்லங்க ஐயா. அன்னிக்கு ரூமுக்குத் திரும்பிப் போகப் பஸ்ஸுக்குக் காசில்ல. அதக் கேக்கத்தான் வந்தேன். நீங்க வசனம் எடுத்ததும் கேக்க முடியல" என்றார்.

அந்த மாலை அவர் எப்படி அறைக்குப் போனார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை. அவர் இப்போது இவ்வட்டாரத்திலேயே வேறொரு பட்டறையில் பணிபுரிகிறார். இதுவும் ஒப்பந்தப் பணிதான். "பார்த்தாயா, ஆண்டவர் நடத்தினார்" என்று நான் அவரிடம் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. அவருடைய அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன்.

அன்பான வாசகரே, இவ்வுவமைக்கு ஓர் எல்லையும் உண்டு. அதையும் சொல்லி முடிக்கிறேன். செடியில் நிலைத்திராத கொடி தானாகக் கனி தராது என்பது ஆண்டவர் கற்பித்த சத்தியம். அவரில் நிலைத்திருப்பதைப் பற்றியது அது. சொந்த ஊரைவிட்டுப் பிரிந்து வந்தவர்களைப் பார்த்து, வேரற்றவர்கள் என்று சொல்ல யாரும் அதைப் பயன்படுத்தலாகாது. ஏனெனில் திராட்சை உலகெங்கும் பரவியதே வெட்டப்பட்ட துண்டுகளாகத்தான். விதையிலிருந்து முளைக்கும் திராட்சை தாயின் குணத்தை அப்படியே தருவதில்லை. அதனால் மொட்டுகளுள்ள குச்சியை வெட்டி, காயுமுன் ஈரமண்ணில் ஊன்றி, வேர்விட்டபின் மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். கம்பத்தின் ஒவ்வொரு பன்னீர்க் கொடியும், ஆங்கிலேயத் தோட்டக்காரரின் கண்ணாடி வீட்டில் நின்ற அந்த ஒரே கொடியின் துண்டு. வெட்டி, ஊன்றி, மீண்டும் வெட்டி, மீண்டும் ஊன்றி வந்த தொடர்.

1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலோக்ஸெரா என்ற சிறு பூச்சி பிரான்சின் திராட்சை வேர்களைத் தின்று அழித்தபோதும், அத்தோட்டங்களைக் காத்தது அயலான் ஒருவனே. அப்பூச்சியைத் தாங்கப் பழகியிருந்த அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர்த்தண்டில் ஐரோப்பியக் கிளையை ஒட்டுக்கட்டினார்கள். இன்றும் ஐரோப்பியத் தோட்டங்களில் பெரும்பாலானவை அமெரிக்க வேரில்தான் நிற்கின்றன. மகாராஷ்டிர விவசாயிகளும் உவர்மண்ணையும் வறட்சியையும் தாங்க 'டாக்ரிட்ஜ்' என்ற அமெரிக்க வேர்த்தண்டைப் பயன்படுத்துகிறார்கள். தேனியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இவ்வட்டாரத்துக்கு வந்தவர்களை 'வெளியாட்கள்' என்று நாம் சொல்லும்போது இதை நினைவுகூர்வது நல்லது.

ஆனால் வெட்டிய துண்டு பிழைக்க ஒரு நிபந்தனை உண்டு. காயுமுன் யாராவது எடுத்து ஈரமண்ணில் ஊன்ற வேண்டும். அது தானாக எழுந்து போய் ஊன்றிக்கொள்ளாது. அதுவரை அதற்குள் இருக்கும் சிறு சேமிப்பே அதன் உயிர். அதற்குச் சில நாள்களே கணக்கு.

அந்த நாள்களுக்காகவே திருச்சபை இருக்கிறது என்று இப்போது எண்ணுகிறேன். வேலையிழந்தோ, வீட்டில் துக்கம் நேர்ந்தோ, கையில் மருத்துவ அறிக்கையோடோ ஒருவர் நம் வாசலில் நின்றால், முதலில் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. சாப்பிட்டீர்களா? இம்மாத வாடகைக்கு என்ன வழி? வர வேண்டிய சம்பளப் பாக்கியும் வருங்கால வைப்பு நிதியும் கிடைத்தனவா? ஊருக்குச் சொல்லிவிட்டீர்களா, நான் பேசட்டுமா? வேரில் மாவு இருக்கிறதா என்று பார்க்கும் கேள்விகள் இவை. இதற்கென நம் சபையில் ஒரு சிறு பெட்டி வைத்திருக்கிறோம். ஆலய வாசலின் இடப்புறம், தண்ணீர்க் குடத்துக்கு அருகே இருக்கிறது. போடுகிறவர் பெயரும் எடுக்கிறவர் பெயரும் எழுதப்படுவதில்லை. வசனம் பிறகு வரட்டும். அவரே கேட்கும் நாளில் அது இன்னும் இனிமையாக இருக்கும்.

நாளை முதல் ஞாயிறு. இவ்வரிகளை எழுதும்போது அடுக்களையில் சாறு ஆறிக்கொண்டிருக்கிறது. வடிகட்டும் வேலை எனக்காகக் காத்திருக்கிறது. நாளை அந்தச் சிறு கிண்ணத்தைக் கையில் ஏந்தும்போது, அதற்குள் இருப்பவர்களை எண்ணிப்பாருங்கள்: பெயர் மறக்கப்பட்ட ஒரு குரு, மலையைக் குடைந்த தொழிலாளர், டிசம்பர்ப் பனியில் நான்கு மொட்டு எண்ணி வெட்டிய ஒரு தகப்பன், இரவெல்லாம் விழித்து லாரி ஓட்டிய ஒருவர். பின்பு உங்கள் பக்கத்து இருக்கையைப் பாருங்கள். அங்கே அமர்ந்திருப்பவரிடம் பேருந்துக்குக் காசிருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியுமா?

ஜெபிப்போம்: மெய்யான தோட்டக்காரராகிய பிதாவே, நீர் செய்யாததை உம்மேல் சுமத்திய எங்கள் நாவை மன்னியும். வெட்டுண்டவர்களைக் காயுமுன் எடுத்து ஊன்றுகிற கைகளை எங்களுக்குத் தாரும். நீர் வெட்டும்போது உம்மை நம்பவும், பிறர் வெட்டும்போது உம்மை நோக்கிக் கூப்பிடவும் கற்றுத்தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்,
பென்னலூர்